கிள்ளானில் தைத்த நோட்டு

பிரிக்பீல்ட்ஸ்

கோலாலம்பூரில் காலை ஏழு மணிக்கும் இருட்டு முழுதாக விலகியிருக்காது. அந்த அரையிருட்டிலேயே பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூக்கட்டுகிறவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். மல்லிகை நம் ஊரிலிருந்து விமானத்தில் வருகிறது. சாமந்தி கேமரன் மலையிலிருந்து இறங்குகிறது. எனக்கு இரண்டும் வேண்டாம். "நேத்து விக்காத செண்டுமல்லி மாலை ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டதும் கடைக்காரத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாடினது சாமிக்கு ஆகாது அக்கா." சாமிக்கு இல்லை, சாயத்துக்கு என்றேன். அதற்குமேல் அவர் கேள்வி கேட்கவில்லை. நெகிழிப் பை நிறைய அள்ளிப் போட்டுவிட்டுக் காசு வேண்டாம் என்று கையசைத்தார்.

கையால் ஒரு நோட்டுப் புத்தகம் செய்ய மலேசியா போகிறேன் என்றபோது வீட்டில் சிரித்தார்கள். தாளுக்கு இலையாலும் பூவாலும் சாயமேற்றி, அட்டைத் துணிக்கும் அப்படியே கொடுத்து, மடித்து, நூலால் தைக்கிற நோட்டு. எழுதலாம், படம் வரையலாம், ரயில் டிக்கெட்டோ இறகோ ஒட்டி வைக்கலாம். கிள்ளானில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இதைத் தம் வீட்டு முற்றத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லித் தருகிறார். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். தொலைபேசியில் அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பூவோ இலையோ பட்டையோ காசு கொடுத்து வாங்கக் கூடாது. ஊர் எறிவதைப் பொறுக்கி வரவேண்டும்.

நான் திருப்பூர்க்காரி. எங்கள் ஊரில் சாயத்தைப் பற்றி யாரும் அழகாகப் பேசமாட்டார்கள். நொய்யல் ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் ஊதாவாகவும் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் ஒரேயடியாக மூடப்பட்டபோது, ஆறு பிழைத்தது என்று மகிழ்வதா, பக்கத்து வீட்டில் வேலை போனதே என்று அழுவதா என்று தெரியாமல் நின்றோம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு 'இயற்கைச் சாயம்' என்றாலே கொஞ்சம் சந்தேகம் இருக்கத்தான் செய்யும்.

பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்த செங்கல் சூளைகள் இப்போது இல்லை. 1881இல் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் வந்து கீற்றுக்கூரை நகரத்தை அழித்துவிட்டுப் போக, இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும்தான் கட்டவேண்டும் என்று ஆங்கிலேய அதிகாரி பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் பிடிவாதம் பிடித்தார். சீனர்களின் கப்பித்தான் யாப் ஆ லோய் இந்தக் களிமண் நிலத்தில் சூளை போட்டார். பிறகு ரயில்வே வந்தது. யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் ரயிலைச் சுற்றிக் குடியேறினார்கள். இன்று பளபளக்கும் கே.எல். சென்ட்ரல் நிலையம் நிற்பது அந்தப் பழைய ரயில்வே நிலத்தில்தான்.

சாலையோரம் இடியாப்பம் வாங்கிச் சாப்பிட்டேன். துருவிய தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் தூவிக் கொடுத்தார்கள். குருமா எங்கே என்று நாக்கு கேட்டது; இரண்டாம் வாயில் கேட்பதை நிறுத்திக்கொண்டது. எதிரே நாட்டுவாதுமை மரம். மலாய்க்காரர்கள் கெத்தாப்பாங் என்பது இதைத்தான். உதிரும் முன் அதன் இலை நல்ல சிவப்பாகிவிடும். வங்கதேசத்துத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் அந்த இலைகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். குவியலிலிருந்து நான் பொறுக்குவதைப் பார்த்துத் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, பூச்சி அரிக்காத பெரிய இலைகளாகத் தேடி எடுத்துத் தந்தார். அவர் ஊரிலும் இந்த மரம் உண்டாம். சின்ன வயதில் கொட்டையை உடைத்துத் தின்றதைச் சைகையில் சொன்னார். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான்.

டத்தாரான் மெர்டேக்கா

சுதந்திரச் சதுக்கத்துக்கு அருகே, சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் பட்டை பட்டையாக ஓடும் ஒரு கட்டடம் இருக்கிறது. 1905இல் ரயில்வே தலைமையகமாக எழுந்தது. 2010 முதல் தேசிய நெசவு அருங்காட்சியகம். சுற்றுலா வந்தவர்கள் சதுக்கத்தின் கொடிமரத்தோடு படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நல்லதுதான், உள்ளே கூட்டமில்லை.

சரவாக் மாநிலத்து இபான் பெண்கள் நெய்யும் புவா கும்பு என்ற போர்வையின் முன்னால் வெகுநேரம் நின்றேன். மண்சிவப்பு. அந்தச் சிவப்பு வருவது எங்குடு என்ற மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து. நம் வயல் வரப்பில் யாரும் சீண்டாமல் நிற்கிற மஞ்சணத்தி, அதாவது நுணா மரத்தின் வகை. சாயம் ஏறும் முன் நூலைப் பக்குவப்படுத்துவதற்கு 'ங்ஙார்' என்று ஒரு சடங்கே உண்டு. இஞ்சி, உப்பு, எண்ணெய் எல்லாம் கலந்த கரைசலில் நூலை ஊறவைத்து, பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் நாள்கணக்கில் கிடத்துகிறார்கள். அளவு தெரிந்த மூத்த பெண்தான் தலைமை ஏற்பாள். ஆண்கள் போருக்குப் போனது போல இது பெண்களின் போர் என்று இபான்கள் கருதினார்கள். வேலையின் கடினத்தைப் பார்த்தால் மிகையாகத் தெரியவில்லை.

நம் சோழமண்டலக் கரையிலும் இதற்கு ஈடான வேலை நடந்தது. பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து, படிகாரக் கரைசலால் கோலம் எழுதி, சாயவேர்ச் சாற்றில் கொதிக்க வைத்தார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். 1742இல் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்த முறையை விசாரித்துக் கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதற்கும் முன்பே அந்தத் துணிகள் மலாக்கா சந்தைக்குக் கப்பலேறி வந்து, இங்குள்ள மிளகுக்கும் கிராம்புக்கும் பண்டமாற்றாயின. சாயவேரின் சிவப்பை 1868இல் ஜெர்மனியில் இருவர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள். வேர் தோண்டிப் பிழைத்தவர்களின் பிழைப்பு அடுத்த சில பத்தாண்டுகளில் போயிற்று. திருப்பூரின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது என்று அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் நடுவே நிற்கும்போது தோன்றியது.

கெப்போங்

நகரின் வடக்கே கெப்போங்கில் மலேசிய வன ஆய்வு நிலையத்தின் காடு. ஈயம் தோண்டிக் குதறிப் போட்ட நிலத்தில் 1920களில் நட்டு வளர்த்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. கைவிட்ட சுரங்கத்தில் மனிதர் நட்ட காட்டுக்கு இந்தக் கௌரவம் கிடைப்பது அபூர்வம்.

அங்கே நான் ஒரு சருகைக்கூட எடுக்கவில்லை. ஆய்வுக்குரிய இடத்தில் பொறுக்குவது முறையல்ல. கபூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. அந்த மரங்களின் உச்சிக் கிளைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. மரத்துக்கு மரம் ஒரு கை இடைவெளி விட்டு, அதன் வழியே வானம் கோடு கோடாகத் தெரிகிறது. என் நோட்டின் நடுப்பக்கத்தில் அதை வரைந்து வைத்திருக்கிறேன். சுமாராகத்தான் வந்திருக்கிறது.

கிள்ளான்

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப்பாதை சிலாங்கூரின் முதல் ரயில்பாதை. 1886இல் ஓடத் தொடங்கியது. அன்று ஈயம் போன பாதையில் இன்று வேலைக்குப் போகிறவர்கள் தூங்கி வழிகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தொழிற்சாலை, அடுக்குமாடி, மறுபடி தொழிற்சாலை. கிள்ளான் வந்து இறங்கினால்தான் ஊர் என்று ஒன்று கண்ணுக்குப் படுகிறது.

டீச்சர் வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய அண்டா, காஸ் அடுப்பு, கயிறு, குளியலறைச் சுவரில் பதிக்கும் ஓடுகள் நாலைந்து. என் பையைக் கொட்டச் சொன்னார். வாடிய செண்டுமல்லி, கெத்தாப்பாங் சருகு, அத்துடன் முந்தைய இரவு பழக்கடைச் சீனப் பெரியவரிடம் கேட்டு வாங்கிய மங்குஸ்தான் தோல். "பரவாயில்லலா, நல்லாப் பொறுக்கியிருக்கீங்க" என்றார். அவர் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். அம்மா பால்மரம் வெட்டியவர். "எங்கம்மா துணியில கித்தாப்பால் கறைதான்மா டிசைன். எத்தனை துவைச்சாலும் போகாது. கறை போகாததுக்கு அடி வாங்கின பிள்ளை, இப்போ கறை நிக்கணும்னு பாடம் எடுக்கிறேன்."

தாள் மட்டும் நான் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்தேன். புதுச்சேரியில் வாங்கிய பருத்திக் காகிதம். கையால் செய்யும் அந்த வகைத் தாளுக்கு மூலப்பொருள் மரம் அல்ல. பனியன் கம்பெனிகளில் விழும் வெட்டுத்துணி. எங்கள் ஊர்க் கழிவு தாளாகி, கடல் தாண்டி, கிள்ளான் அண்டாவுக்குள் இறங்கியது. சாதாரணக் காகிதம் வெந்நீரில் கரைந்து கூழாகிவிடும். பருத்தி தாங்கும்.

முதலில் தாள்களைப் படிகாரத் தண்ணீரில் ஊறப்போட்டார் டீச்சர். தாளின் எடையில் பத்தில் ஒரு பங்கு படிகாரம் போதும். அட்டைக்கான துணி ஒரு பழைய வேட்டி. அதற்குப் பக்குவம் கூடுதல். பட்டும் கம்பளியும் படிகாரத்தை உடனே பிடித்துக்கொள்ளும், பருத்தி பிடிக்காது. அதற்கு முதலில் துவர்ப்பு ஏற்றவேண்டும். நம்மூரில் என்றால் கடுக்காய். இங்கே டீச்சர் கெத்தாப்பாங் இலையைக் கொதிக்கவைத்தார். இரண்டும் ஒரே பேரினத்து மரங்கள். சோழமண்டலச் சாயக்காரர் இங்கே வந்திருந்தால் கடுக்காய் இல்லையே என்று கலங்கியிருக்கமாட்டார்.

பிறகு அடுக்குதல். ஈரத்தாள், அதன்மேல் இலை, மறுபடி தாள். தேக்கின் துளிரை டீச்சர் வீட்டுப் பின்புறமிருந்து பறித்து வந்தார். அதைத் தேய்த்தால் உள்ளங்கை சிவக்கும் என்பது தேக்கு இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். செண்டுமல்லி இதழ்களை உதிர்த்துத் தூவினோம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்த தண்ணீரில் சில இலைகளை மட்டும் முக்கி வைத்தோம். அடுக்கின் மேலும் கீழும் ஓடு வைத்து, மூச்சு முட்டக் கயிற்றால் கட்டி, அண்டாவில் இறக்கினோம். கட்டு தளர்ந்தால் இலையின் ஓரம் கலங்கிவிடும். கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ள டீச்சர் என் முழங்காலையும் உதவிக்குச் சேர்த்துக்கொண்டார்.

இப்படி இலையையே அச்சாக வைக்கும் முறையை உலகெங்கும் பரப்பியவர் இந்தியா பிளின்ட் என்ற ஆஸ்திரேலியக் கலைஞர். பெயரில் மட்டும்தான் இந்தியா. யூகலிப்டஸ் இலையில் தொடங்கிய அவருடைய புத்தகம் 2008இல் வந்தது. அதைப் படித்துவிட்டு இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பலர் யூகலிப்டஸ் தேடி அலைந்ததாகவும், பிறகுதான் வாசலிலேயே தேக்கும் கெத்தாப்பாங்கும் நிற்பதைப் பார்த்ததாகவும் டீச்சர் சொல்லிச் சிரித்தார்.

அண்டா ஒன்றரை மணி நேரம் வேகவேண்டும். அதற்குள் தெங்கு கெலானா சாலைக்குப் போய் வாழையிலைச் சாப்பாடு. நண்டுக் குழம்பு நம் செட்டிநாட்டுக் காரமும் இல்லை, மலாய்க்காரரின் தேங்காய்ப்பால் இனிப்பும் இல்லை. நடுவில் எங்கோ நிற்கிறது. திரும்பி வந்தால், பக்கத்து வீட்டு மலாய் அம்மா நாசி கெராபு கொடுத்தனுப்பியிருந்தார். நீலச்சோறு. நிறம் சங்குப்பூவிலிருந்து வருகிறது. டீச்சர் அதே பூவைப் பிழிந்து ஒரு தாளில் தடவி, எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டார். அந்த இடம் இளஞ்சிவப்பானது. சமையல் சோடாவைத் தொட்டு வைத்த இடம் பச்சையானது. நான் வாய்பிளந்து பார்க்க, அவர் சொன்னார்: "ரொம்ப மயங்காதீங்க. இது சாப்பிடற கலர். வெயில் பட்டா ஓடிரும்." மஞ்சளுக்கும் அதே குணம்தான். துணியில் சட்டென்று ஏறும், வெயிலில் சட்டென்று இறங்கும்.

கட்டை ஆறவிட்டுத்தான் பிரிக்கவேண்டும். பிரித்தோம். செண்டுமல்லி விழுந்த இடமெல்லாம் பழைய பொன். தேக்கு, கத்தரிப்பூ நிறத்தில் நரம்போடு பதிந்திருந்தது. ஆணித்தண்ணீர் தொட்ட கெத்தாப்பாங் இலை, கரிக்கோட்டால் வரைந்தது போல. மங்குஸ்தான் தோல் வெறும் பழுப்பைத்தான் கொடுத்தது. அந்தப் பழத்தின் தோலைப் பார்த்தவர்கள் ஊதாவை எதிர்பார்ப்பார்கள், ஏமாறுவார்கள். இரும்பை இன்னும் நிறையச் சேர்க்கலாமே, கறுப்பு அழகாக இருக்கிறதே என்றேன். டீச்சர் மறுத்துவிட்டார். இரும்பு மிஞ்சினால் தாளை நாளடைவில் அரித்துவிடும். ஐரோப்பாவின் பழைய கையெழுத்துப் படிகள் பலவற்றில், இரும்பு கலந்த மையால் எழுதிய எழுத்து இருந்த இடத்தில் இன்று ஓட்டைதான் இருக்கிறது.

அட்டைத் துணிக்கு பாக்காவ் பட்டை. கடலோரச் சதுப்பில் வளரும் கண்டல் மரம் அது. கட்டட அடித்தளத்துக்குக் குத்தும் கழியாக இன்றும் இங்கே விற்கிறார்கள். கழிகளிலிருந்து உரிந்து விழும் பட்டையை டீச்சரின் தம்பி மகன் மரவாடியிலிருந்து அள்ளி வந்திருந்தான். நைலான் வருவதற்கு முன் இந்தக் கரை மீனவர்கள் பருத்தி வலைகளை இந்தப் பட்டைத் தண்ணீரில்தான் ஊறவைத்தார்கள். உப்பில் மக்காமல் இருக்க. வேட்டி செங்காவி நிறமாகி வெளியே வந்தது. எனக்குப் பிடித்தது இதுதான். பூவும் இலையும் காட்டும் வித்தை எதுவும் இதில் இல்லை, உழைத்த நிறம்.

தைக்கும் வேலை மறுநாள். நாலு தாளை மடித்தால் ஒரு ஃபாரம். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் ஒவ்வொரு ஃபாரத்தையும் முந்தையதோடு சங்கிலித் தையலாகக் கோத்துப் போகவேண்டும். முதுகில் பசையும் இல்லை, துணியும் இல்லை. தையல் அப்படியே வெளியே தெரியும். எகிப்தின் பழைய கிறித்தவர்கள் கண்ட முறை. இலையும் துணியும் ஒட்டி நோட்டு உப்பிப்போனாலும் முதுகு வெடிக்காது, எந்தப் பக்கத்திலும் தட்டையாக விரிந்து கிடக்கும். படம் வரைகிறவர்களுக்கு வேறெந்த பைண்டிங்கும் இதற்கு ஈடில்லை.

தைத்துக்கொண்டே என் சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன். திருப்பூருக்கு இது உதவுமா? டீச்சர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு கிலோ துணிக்கு ஒரு கிலோ காய்ஞ்ச இலை வேணும்மா. உங்க ஊர் ஒரு நாளைக்குப் போடற துணிக்கு எந்தக் காட்டை வெட்டுவீங்க?" இயற்கைச் சாயம் உலகத்தைக் காப்பாற்றும் என்று மேடையில் பேசுகிறவர்களைவிட அவருக்கு இதில் தெளிவு இருந்தது. என் முடிவும் அதுதான். நொய்யலுக்கு வேண்டியது ஒழுங்கான சுத்திகரிப்பும் கண்காணிப்பும். செண்டுமல்லி அதற்குப் பதிலாகாது. ஒரு நோட்டுக்கு, ஒரு வேட்டிக்கு, இது போதும்.

மாலையில் கோத்தா பாலத்தின் கீழ்த்தளத்தில் நடந்தோம். 1961இல் திறந்த இரட்டையடுக்குப் பாலம். மேலே வண்டிகளுக்கு, கீழே மனிதர்களுக்கு என்று கட்டியது. கிள்ளான் ஆறு பழுப்பாக ஓடியது. இது மண்ணின் பழுப்புதானா என்று திருப்பூர்க் கண் ஒருமுறை உற்றுப் பார்த்தது. அரசாங்கம் பல ஆண்டுகளாகத் துப்புரவு செய்யப் பாடுபடும் ஆறுகளில் இதுவும் ஒன்று என்றார் டீச்சர்.

கேரித் தீவு

கிள்ளானுக்குத் தெற்கே, பாலத்தால் கரையோடு சேர்ந்த தீவு. ஆங்கிலேயத் தோட்ட முதலாளி ஒருவரின் பெயர் அதற்கு. கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. அதன் ஓரத்தில் மா மெரி என்னும் ஒராங் அஸ்லிப் பழங்குடி மக்களின் ஊர்கள். மரத்தில் முகமூடி செதுக்குவதில் அந்த மக்களின் பெயர் உலகறிந்தது. பெண்கள் தாழையோலையைக் கிழித்துப் பாயும் பையும் பின்னுகிறார்கள். நம் கோரைப்பாய் நெசவுபோல் இதற்குத் தறி கிடையாது, விரல்தான் தறி.

ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று தலைமுறைப் பெண்கள் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். ஓலையில் அடர்ந்த ரோஸ் நிறம். எந்தச் செடியிலிருந்து என்று டீச்சர் மலாயில் கேட்டார். நடுவிலிருந்த பெண் சிரித்துவிட்டு, பின்னாலிருந்த சாயப்பொடிப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். வாங்குகிறவர்கள் பளிச்சென்று கேட்கிறார்களாம். பொடி மலிவு, வேலை சுருக்கம். எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. பொழுதுபோக்குக்கு நோட்டுத் தைக்கிறவளுக்குச் செடி தேடி அலைய நேரம் உண்டு. பாய் விற்று அரிசி வாங்குகிறவருக்கு இல்லை.

சாயமேறாத வெள்ளோலையில் என் நோட்டைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டை பின்னித் தர முடியுமா என்று கேட்டேன். பாட்டி நோட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். கெத்தாப்பாங் பதிந்த பக்கத்தில் விரலால் நரம்பைத் தடவினார். அளவெடுக்க நூலோ கோலோ இல்லை. கையாலேயே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக்கொண்டு பின்னத் தொடங்கினார். நாங்கள் தேநீர் குடித்து முடிக்கும்முன் பட்டை தயார். இதற்கு மட்டும் காசு கொடுத்தேன். டீச்சரின் நிபந்தனை சாயத்துக்குத்தான், உழைப்புக்கு அல்ல.

கிள்ளான் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பூக்கடைகளில் முந்தைய நாள் பூவைக் கூச்சமில்லாமல் கேளுங்கள், கொடுப்பார்கள். தாளை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். படிகாரம் எந்தத் தமிழ் மளிகைக் கடையிலும் கிடைக்கும். திரும்பும்போது இலை, பட்டை, விதை எதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, உரிய சான்றும் அனுமதியும் இல்லாமல் அவற்றை இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. சாயத்தை அங்கேயே ஏற்றி, நோட்டை மட்டும் கொண்டுவாருங்கள்.